நாற்காலிக் கடையில் உட்காரத் தடை

அன்பும் மதிப்பும் நிறைந்த மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளையும் உங்கள் கடையின் மேலாளருமான நான் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மகளும் பேரனும் நலம். கால்கள் நீங்கலாக நானும் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா? முட்டிவலி என்றால் என்னவென்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

கட்டில் பிரிவு அக்காவை, அதாவது கடையே மெத்தையக்கா என்று கூப்பிடுகிறதே அவரை, வேலை நேரத்தில் உட்கார்ந்த குற்றத்துக்காக நீக்கச் சொல்லிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதில் கையெழுத்துப் போடுவதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

சனிக்கிழமை சோபா பிரிவுக்கு ஆள் வரவில்லை. நிற்பதுதானே, என்ன பெரிய வேலை என்று நானே சீருடையை மாட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினேன். மத்தியானம்வரை பரவாயில்லை. அப்புறம் பாதம் எரிந்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது, சுற்றிலும் எங்கே பார்த்தாலும் நாற்காலி, ஒன்றிலும் உட்காரக்கூடாது, ஏனென்றால் கூடாது என்று சுற்றறிக்கை விட்டவனே நான்தான். ஒரு பெரியவர், "இதுல உக்காந்தா இடுப்பு வலிக்குமா தம்பி?" என்று கேட்டார். "தெரியாதுங்க, எங்களுக்கு உக்கார அனுமதி இல்ல" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். வாங்காமல் போய்விட்டார். வேலை போகப்போகிறது என்று தெரிந்தும் மெத்தையக்காதான் பக்கத்தில் வந்து, "ஷூவ கழட்டிட்டு வெறுங்கால தரையில வைங்க சார், கொஞ்சம் ஆறும்" என்றார். வைத்தேன். ஆறவில்லை. வெட்கம்தான் கூடியது.

சோபா துணியில் சுருக்கம் இருக்கிறதா பார்ப்போம் என்று ஓரமாக உட்கார்ந்தது வரை ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது ஒரு தம்பதி குனிந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இவரு எப்படி அசந்து தூங்குறாரு பாருங்க. இதையே எடுத்துக்கலாம்" என்றார் அந்த அம்மா. எடுத்துக்கொண்டார்கள். பில் போட்டு முடிப்பதற்குள் கண்காணிப்பாளர் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொண்டுவந்தார். கீழே, நான் முன்கூட்டியே போட்டுவைத்திருந்த என் கையெழுத்து. "நான் யாருன்னு தெரியும்ல?" என்றேன். "யாரா இருந்தாலும்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க" என்றார்.

எழுதினேன்தான். மாடியில், சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எழுதினேன். ஒரே ஒரு நாள் கீழே நின்றிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஆகையால் மெத்தையக்காவை நீக்க வேண்டாம். பிரிவுக்கு ஒரு முக்காலி போட அனுமதியுங்கள். நீங்களும் ஒரு நாள் வந்து நின்று பாருங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசியையும் முக்காலியையும் எதிர்பார்க்கும்,

மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் போன் வந்துவிட்டது. நான் தூங்கியதால் சோபா விற்ற கதை அங்கே எட்டிவிட்டது போலும். மெத்தையக்காவுக்கு வேலை உண்டு, ஆனால் நாளை முதல் கடை மூடும்வரை வாசல் கண்ணாடி ஓரத்துக் கட்டிலில் படுத்தே இருக்க வேண்டும், எழுந்தால் எச்சரிக்கை என்று உத்தரவு போட்டீர்கள். அவரிடம் சொன்னேன். "மொதல்ல உங்க மாமாவ ஒரு நாள் வந்து படுக்கச் சொல்லுங்க சார்" என்றார். கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாயிற்று. கிளம்பி வாருங்கள்.