அடக்கத்தைப் பாராட்டிய குழு

ஒரு குளியலறையை யார் வேண்டுமானாலும் பழுதுபார்த்துவிடலாம். பழுதுபார்க்கலாமா வேண்டாமா என்று பதினான்கு மாதம் சிந்திக்கும் ஆற்றல், மனித குலத்திலேயே திண்டிவனத்தில் இருந்த எங்கள் கடலை விற்பனைச் சங்கத்துக்குத்தான் வாய்த்தது. எண்பத்து நான்காம் வருடம் அமைக்கப்பட்ட 'குளியலறை மற்றும் கழிப்பிடச் சீரமைப்புப் பரிசீலனைக் குழு'வுக்கு நான் செயலாளர். என் வாழ்நாளில் வேறு எந்தக் குழுவும் என்னை அழைத்ததில்லை என்பதால் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

அறை, வெள்ளைக்காரன் காலத்தது. கதவின் கீழ்ப்பாதியைக் கரையான் தின்றிருந்தது. மேல்பாதிக்குத் தாழ்ப்பாள் இல்லை. நேர் எதிரே எடைமேடை. மூட்டை தூக்குகிறவர்கள் அங்கே உட்கார்ந்துதான் பீடி பிடிப்பார்கள். அலுவலகத்து ஆண்கள் பதினோரு பேருக்கும் இதனால் ஒரு சிரமமும் இருந்ததில்லை.

பன்னிரண்டாவது ஊழியர் டைப்பிஸ்ட் தையல்நாயகி. ஓமந்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். அம்மாவும் படிக்கிற இரண்டு தம்பிகளும் அவர் சம்பளத்தில் சாப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு மனு கொடுத்தார். அதில் ஒரே வரி: 'கதவு வேண்டும்.'

மேனேஜர் கிருஷ்ணசாமி அதை விழுப்புரம் மேலிடத்துக்கு அனுப்பினார். மேலிடம் ஆயிரத்து இருநூறு ரூபாய் ஒதுக்கி, 'மிகச் சிக்கனமாக' என்று அடிக்கோடும் இட்டது. மல்லாட்டையில், அதாவது கடலையில், கல்லுக்கும் மண்ணுக்கும் கழித்து எழுதுகிற 'கழிவு'க் கணக்கிலிருந்து வந்த பணம் அது. தலைப்புப் பொருத்தம் என்றால் அதுதான்.

முதல் கூட்டத்துக்குத் தச்சர் அந்தோணிசாமியை வரவழைத்தோம். அவர் கதவை ஒரு தட்டுத் தட்டினார். தட்டிய இடமும் உதிர்ந்தது.

"ஒரு கதவு, ஒரு தாப்பா. முந்நூத்தி நாப்பது ரூவா. அரை நாள்ல மாட்டிட்டுப் போறேன் சார்."

அந்த அவசரம் மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. "புதுக் கதவு போட்டா செவுரு பழசாத் தெரியுமே?"

"செவுத்துக்கு டைல்ஸ் ஒட்டிட்டா?" என்றார் கணக்கர் ராயப்பன்.

"தரை பழசாத் தெரியும்."

"தரையையும் மாத்திட்டா?"

"அப்ப ஆபீசே பழசாத் தெரியும்யா!"

அந்தோணிசாமி உளிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஒரு தாப்பாவுக்கு மீட்டிங் போட்டுக்கினு ஒக்காந்திருக்கீங்களே, பேஜாரு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். 'தச்சர் ஒத்துழைக்கவில்லை' என்று பதிவு செய்தேன்.

அடுத்து ஆய்வுப் பயணம். விழுப்புரம் மேலிடத்தில் புதிதாக ரோஸ் நிற டைல்ஸ் ஒட்டிய குளியலறை ஒன்று இருந்தது. மேனேஜர், ராயப்பன், நான் என்று குழுவின் மூவரும் போய்ப் பார்த்தோம். அளவெடுக்க மறந்ததால் இரண்டாம் முறை போனோம். எழுதி வந்த அளவு ராயப்பன் சட்டையோடு வெளுப்புக்குப் போய்விட்டதால் மூன்றாம் முறையும் போனோம். பயணப்படி, ஓட்டல் சாப்பாடு எல்லாமே சீரமைப்பு நிதியில். மூன்றாம் முறை பாயசம் வைத்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சிக்கனம் எங்கள் ரத்தத்தில் ஊறியது.

பிறகு, 'தேவை உள்ளதா?' என்று விஞ்ஞான முறையில் கண்டறிய ஒரு கணக்கெடுப்பு. வாட்ச்மேன் பெரியசாமியை நோட்டுப் புத்தகத்தோடு குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தோம். முப்பது நாள், போகிறவர் வருகிறவர் எல்லோரையும் கோடு போட்டு எண்ணினார். முடிவு: ஆண்கள் அறுநூற்றுப் பதினொரு முறை. பெண்கள் ஒரு முறைகூட இல்லை.

அறிக்கையைத் தையல்நாயகிதான் டைப் அடித்தார். பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்.

"பூஜ்யத்த எழுத்துல அடிக்கவா சார், நம்பர்ல அடிக்கவா?"

"ரெண்டுலயும் அடிங்கம்மா. ஆடிட்ல கேப்பாங்க."

அடித்தார். 'பெண் ஊழியர் இவ்வசதியைப் பயன்படுத்தவே இல்லையாதலால் இதில் பணம் போடுவது வீண். அன்னாரின் அடக்கத்தைக் குழு மனமாரப் பாராட்டுகிறது' என்ற கடைசி வரியையும் பிழையில்லாமல் அடித்தார். 'அடக்கம்' என் சொல். மேனேஜர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சித்திரை வெயிலில் ஒருநாள் தையல்நாயகி டைப்ரைட்டர் மேலேயே சாய்ந்துவிட்டார். நானும் ராயப்பனும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடம்பு கொதித்தது. பரிசோதித்த டாக்டரம்மா எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"சிறுநீரகத்துல சீழ் வச்சிருக்கு. காலைல ஏழு மணியிலேருந்து சாயங்காலம் வரைக்கும் இந்தப் பொண்ணு ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்லையாம். ஏன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எங்களுக்குத் தெரியவில்லை என்று ராயப்பன் சொன்னார்.

'தினமும் பன்னிரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா. எங்கள் குழுவை மெத்தனம் என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: சீட்டு வந்த அன்றே கூடினோம், அரை மணியில் முடிவெடுத்தோம். நிதியில் மிச்சமிருந்த தொண்ணூறு ரூபாய்க்குக் குழாய் வைத்த மண்பானை, இரும்பு ஸ்டாண்டு, எவர்சில்வர் டம்ளர். எல்லாம் தையல்நாயகியின் மேஜைக்குப் பக்கத்திலேயே.

ஒரு மாதம் கழித்துத் தையல்நாயகி வந்தார். கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தார். மேனேஜர் பானைக்குச் சந்தனப் பொட்டு வைத்து, "குடிம்மா, எவ்ளோ வேணும்னாலும் குடி" என்று டம்ளரை நீட்டினார். அவர் வாங்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். ராஜினாமா.

"ஏம்மா, பானைக்குப் பொட்டு வச்ச அன்னிக்கா இதக் கொண்டாந்து குடுக்கறது? இப்ப பானைய என்ன பண்றது?"

"நீங்க குடிங்க சார். உங்களுக்குப் போறதுக்கு எடம் இருக்குது."

"சர்க்கார் வேலை மாதிரிம்மா இது! வீட்ல தம்பிங்க படிக்கிறானுங்க இல்ல?"

"விழுப்புரத்துல ஜவுளிக்கடையில பில்லு போடறதுக்குக் கூப்ட்டிருக்காங்க சார். சம்பளம் பாதிதான். கதவு முழுசா இருக்குது."

சொல்லிவிட்டு, டைப்ரைட்டருக்கு உறை போட்டு மூடிவிட்டுப் போனார். பெரிய தம்பி படிப்பை நிறுத்திவிட்டு லாரி ஷெட்டில் சேர்ந்தான் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அன்று மாலையே குழு கடைசி முறையாகக் கூடியது. 'தற்போது அலுவலகத்தில் பெண் ஊழியர் எவரும் இல்லாததால், பிரச்சினை கூடுதல் செலவின்றி முழுமையாகத் தீர்ந்தது' என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். டைப் அடிக்க ஆள் இல்லை. அதனால் நானே உட்கார்ந்து எழுதினேன். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றும் அப்படித்தான் இருந்தது. ஓர் எழுத்துகூடக் கோணவில்லை.