நான்கு ரிம்களுக்கு எதைப் பூசுவது என்ற விவகாரம்

எடை அளவு ஆய்வு அலுவலகத்துக்கு ஒரு வண்டி இருந்தது. அவ்வண்டிக்கு நான்கு சக்கரங்கள் இருந்தன. இச்செய்தி அலுவலகப் பதிவேட்டிலும் காணப்படுவதால் உண்மையென்றே கொள்ளலாம்.

அவ்வண்டியின் ஓட்டுநர் இருபத்திரண்டு ஆண்டுகளாக அதன் ஒரே அடியார். வண்டியின் பின்புறத்தில் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் அலுவலகத்தின் மூலக்கற்கள் என்னும் இரும்பு எடைகற்கள். ஊரில் எந்தக் கடைக்காரர் தராசில் வைக்கும் கல் குறைந்தாலும், இந்தக் கற்களோடு ஒப்பிட்டே குட்டு வெளிப்படும். வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் கடைக்காரர்கள் நல்ல கல்லைத் தேடி எடுப்பார்கள். ஆகவே ஊரின் நேர்மை தன் கியரில் இருக்கிறதென்று ஓட்டுநர் நம்பினார். அந்த நம்பிக்கை முற்றிலும் தவறன்று.

ஒருநாள் இயக்குநர் அம்மையார் வண்டியில் ஏறும்போது முன்சக்கரத்தின் ரிம்மில் கடுகளவு துருவைக் கண்டார். அவர் அப்போதுதான் வெளியூர் மாநாடு ஒன்றிலிருந்து திரும்பியிருந்தார். அங்கே மற்ற துறைகளின் வண்டிகள் வரிசையாக நிற்க, அவற்றின் ரிம்கள் கண்ணாடியாய் மின்னியதைக் கண்ட காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

"இப்பல்லாம் யாரும் பெயிண்ட் அடிக்கிறதில்ல. பவுடர் கோட்டிங்தான்" என்று திருவாய் மலர்ந்தருளினார்.

பக்கத்தில் நின்ற கிடங்கு அதிகாரி கனைத்தார். "மேடம், நம்ம கிடங்குல மூணு டின் பெயிண்ட் இருக்கு. விதிப்படி இருக்கறதத்தான் முதல்ல தீர்க்கணும்."

தொழில்நுட்ப அதிகாரி கொதித்தார். "பெயிண்டா? எந்தக் காலத்துல இருக்கீங்க சார்?"

இவ்வாறாக ரிம் மேற்பரப்புக் காப்பு முடிவுக் குழு அமைந்தது. உறுப்பினர் மூவர், தலைவர் அம்மையாரே. பவுடரா பெயிண்டா என்பது ஆழ்ந்த விவாதத்துக்குரியது. ஆனால் எதைப் பூசினாலும் முதலில் பழைய பூச்சை உரித்தாக வேண்டும். அது இரண்டுக்கும் பொதுவான வேலை. பொதுவான வேலையை எதிர்ப்பவர் எவரும் இல்லாமையால், அன்று மாலைக்குள் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. அலுவலக வரலாற்றில் அதுவே மிக விரைவான முடிவு. எல்லாத் துன்பமும் அதிலிருந்தே தொடங்கிற்று.

வண்டி நான்கு செங்கல் அடுக்குகளின்மேல் ஏறி நின்றது. ஓட்டுநர் நான்கு ரிம்களையும் தள்ளுவண்டியில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனார். பட்டறைக்கார அக்கா முகமூடி அணிந்து, மணலைக் காற்றழுத்தத்தில் பாய்ச்சி, பழைய பூச்சையும் துருவையும் ஒருசேர உரித்தெடுத்தார். ரிம்கள் பிறந்த மேனியாய்ச் சாம்பல் நிறத்தில் நின்றன.

"தம்பி, உரிச்ச இரும்பு பச்சைக் குழந்தை மாதிரி" என்றார் அக்கா. "நாலு மணி நேரத்துக்குள்ள மேல எதையாவது போத்திடணும். இல்லன்னா காத்துப் பட்டே துருப் பிடிச்சுடும். பவுடரா, பெயிண்டா?"

"குழு முடிவு பண்ணணும்க்கா."

"எத்தனை மணிக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

அக்கா முகமூடியைக் கழற்றி அவரை நன்றாகப் பார்த்தார். பின்பு சொன்னார்: "இன்னிக்கு வெள்ளி, தம்பி."

செவ்வாயன்று குழு கூடியது. மேசைமேல் ஒரு ரிம் வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் செம்மண் பூத்ததுபோல் துரு.

தொழில்நுட்ப அதிகாரி எழுந்தார். "பவுடர்னா சும்மா இல்ல மேடம். இரும்பைக் கொக்கியில தொங்கவிட்டு, பொடிக்கு மின்னூட்டம் குடுத்தா, அது தானாப் பறந்து போய் ஒட்டிக்கும். யாரும் இழுக்க வேண்டாம். அப்புறம் அடுப்புல வெச்சு இருநூறு டிகிரியில உருக்கினா ரெண்டும் ஒண்ணாக் கலந்துடும். கல்லடி பட்டாலும் அசையாது."

அம்மையார் மெய்சிலிர்த்தார். இறைவனை நாடி உருகும் உயிரைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தது.

கிடங்கு அதிகாரி விடவில்லை. "அசையாது, சரி. ஒருவேளை கீறல் விழுந்துட்டா? மறுபடி முழுசா உரிச்சு, மறுபடி அடுப்பு. பவுடர்ல மன்னிப்பே கிடையாது மேடம். பெயிண்ட்ல அப்படியா? கீறல் விழுந்தா ஒரு தூரிகை, ஒரு சொட்டு, முடிஞ்சது. எத்தனை தப்புப் பண்ணினாலும் ஏத்துக்கும்."

அம்மையார் இதற்கும் மெய்சிலிர்த்தார். அருளின் தன்மை இதுவல்லவா? இரு சமயமும் மெய்யாகத் தோன்றினால் ஒரு தலைவர் என்ன செய்வார்? ரிம்மைப் பார்த்தார்.

"இது என்ன, துருவா?"

"ஆமாம் மேடம்."

"துருப்பிடிச்ச பொருளை வெச்சு நாம எப்படி முடிவு எடுக்கறது? உரிச்சுக் கொண்டு வாங்க. அடுத்த செவ்வாய் பார்க்கலாம்."

ரிம்கள் மீண்டும் பட்டறைக்குப் போயின. வெளிவாயிலைக் கடக்கும் அனுமதிச் சீட்டு வெள்ளிக்கிழமைகளில் மட்டுமே வழங்கப்படும் என்பது விதி. வெள்ளியன்று உரிக்கும் இரும்பு செவ்வாய்க்குள் துருப்பிடிக்கும் என்பது இயற்கை. விதியும் இயற்கையும் மோதும்போது எது வளையுமென்று அலுவலகம் கண்டவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப் பதினொரு வெள்ளி உரித்தார்கள். பதினொரு செவ்வாய் விவாதித்தார்கள். இதற்கிடையில் பவுடர் பக்தி அலுவலகமெங்கும் பரவிற்று. அம்மையாரின் நாற்காலிக்குப் பவுடர் பூசினார்கள். தொழில்நுட்ப அதிகாரி தம் மேசை விளக்குக்குப் பூசிக்கொண்டார். கிடங்கு அதிகாரியோ வீம்புக்குத் தம் கதவு, பூட்டு, மணி எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்து, அது காயும்வரை இரண்டு நாள் அறைக்குள் நுழையாமல் வெளியே நின்றார். ரிம் மட்டும் அம்மணமாகவே இருந்தது.

ஓட்டுநருக்குத் தூக்கம் போயிற்று. காரணம், தலைமை எழுத்தர் போகிறபோக்கில் காட்டிய ஒரு விதி: தொண்ணூறு நாள் தொடர்ந்து வண்டி ஓட்டாத ஓட்டுநர், ஓட்டுநர் ஆகார், அவர் வாயில் உதவியாளராக மாற்றப்படுவார்.

"வண்டிதான் செங்கல் மேல நிக்குதே சார், எப்படி ஓட்டறது?"

"அதெல்லாம் விதியில இல்லப்பா. நாள் மட்டும்தான் இருக்கு."

அன்று எழுபத்தொன்பதாம் நாள்.

எண்பதாம் நாள் கிடங்கு அதிகாரி ஒரு தராசோடு வந்து நின்றார். தராசின் ஒரு தட்டில் ரிம்மை ஏற்றி, மறு தட்டில் மரப்பெட்டியின் மூலக்கற்களை வைத்தார். பதிவேட்டில் ரிம் ஒன்று எட்டரைக் கிலோ. தராசில் எட்டு. வாரந்தோறும் மணலில் உரிபட்டு, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டது.

"ஒரு ரிம்முக்கு அரைக் கிலோ இரும்பு எங்கப்பா?"

"துருவாப் போச்சு சார். மணலோட போச்சு."

"துருன்னு பதிவேட்டுல தலைப்பே கிடையாதே! எடை சரியாகுற வரைக்கும் பவுடரும் இல்ல, பெயிண்டும் இல்ல. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஓட்டுநர் வீட்டுக்குப் போனதும் அடுக்களை வாசலில் உட்கார்ந்துவிட்டார். மனைவி சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வண்டி நின்னதுலேருந்து கடைக்காரனுக்குக் குளிர் விட்டுப் போச்சு. கிலோன்னு குடுக்கறான்; கையில பஞ்சு மாதிரி இருக்கு."

"இங்க என் பொழப்பே பஞ்சாப் பறக்குது. தேஞ்ச இரும்பை எங்க போய் வளர்க்கச் சொல்றே?"

"அந்தக் கடைக்காரனுக்கு இருக்கற மூளை உங்களுக்கு இல்லையே! அவன் என்ன சர்க்கரையையா குறைக்கறான்? தராசு நேராத்தான் நிக்குது. கல்லைத்தானே குறைக்கறான்? தராசுக்குத் தட்டு ரெண்டுங்க."

அவள் கடைக்காரனைத் திட்டத்தான் சொன்னாள். ஆனால் ஓட்டுநர் மெல்ல எழுந்து நின்றார். ஞானம் வாய்க்கும் வேளையில் இடம் பார்ப்பதில்லை. அடுக்களை வாசலிலும் வரும்.

மறு வெள்ளியன்று ரிம்களோடு மரப்பெட்டியும் தள்ளுவண்டியில் ஏறியது.

"இது என்ன தம்பி?" என்றார் பட்டறைக்கார அக்கா.

"கல்லுங்கக்கா. ரொம்ப அழுக்காயிடுச்சு. கொஞ்சம் மணல் அடிச்சுக் குடுங்க."

"கொஞ்சம்னா?"

ஓட்டுநர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "கிலோவுக்கு அறுபது கிராம் அழுக்குக்கா."

அக்கா ஒரு கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தார். முகமூடியை மாட்டிக்கொண்டார். முகமூடி அணிந்தவர் சிரித்தாரா என்பதை எவரும் அறியார்.

எண்பத்தேழாம் நாள், செவ்வாய். ரிம் ஒரு தட்டில். கற்கள் மறு தட்டில். தராசின் முள் நடுவில் வந்து யோகியைப்போல் நின்றது. எட்டரைக் கிலோ, அணுவும் குறைவில்லை.

கிடங்கு அதிகாரி மூன்று முறை நிறுத்துப் பார்த்தார். "இரும்பு வளருமா சார்?" என்று தொழில்நுட்ப அதிகாரியைக் கேட்டார்.

"நல்லாப் பராமரிச்சா எதுவும் வளரும்" என்றார் அவர்.

அம்மையார் எழுந்து தீர்ப்பு வழங்கினார். முன்சக்கரம் இரண்டுக்கும் பவுடர்; பின்சக்கரம் இரண்டுக்கும் பெயிண்ட். இரு சமயமும் ஒரே வண்டியில் செல்லும். எல்லாரும் கைதட்டினர். அன்றைக்கு மட்டும் அனுமதிச் சீட்டு செவ்வாயிலேயே கிடைத்தது. மகிழ்ச்சியில் விதியைப் பார்க்க மறந்துவிட்டார்கள்.

எண்பத்தெட்டாம் நாள் பட்டறையில் முன்ரிம்கள் அடுப்பில் வெந்தன. பின்ரிம்கள் வெயிலில் காய்ந்தன. அதே நாள் அலுவலக வாசலில் பெருங்கூட்டம். மூன்று மாதமாக வண்டி வராததால், ஆண்டு முத்திரைக்கான கெடு முடியுமுன் கடைக்காரர்களே தங்கள் கற்களைத் தூக்கி வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முகத்திலும் குற்றவாளிக் களை. நல்ல கல் எதுவென்பது அவர்களுக்கே மறந்துபோயிருந்தது.

தொழில்நுட்ப அதிகாரி முதல் கல்லை மூலக்கல்லோடு ஒப்பிட்டார். சரி. இரண்டாவது, சரி. பத்தாவது, நாற்பதாவது, நூறாவது, எல்லாம் மயிரிழை பிசகாமல் சரி. கடைக்காரர்கள் ஒருவரையொருவர் திகைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் "கடவுளே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். இத்தனை ஆண்டுகளில் அவர் மனமுருகிக் கடவுளை அழைத்தது அதுவே முதல் முறை.

ஒரே ஒரு கல் மட்டும் சிக்கியது. அது மூலைக்கடைக்காரருடையது. அவர் கல் அறுபது கிராம் அதிகம்.

"ஏன்யா, ஊரே ஒழுங்கா இருக்கு, உனக்கு மட்டும் என்ன?" என்று அதட்டினார் தொழில்நுட்ப அதிகாரி.

"சார், இது எங்கப்பா காலத்துக் கல்லு. இதே ஆபீஸ் முத்திரை இருக்கு பாருங்க."

"அதான் பழசாகிப் பெருத்துப் போச்சு. மிகை எடை, வாடிக்கையாளரைக் குழப்புற குற்றம். பத்து நாளுக்குள்ள சரி பண்ணிட்டு வா."

அறிக்கை அம்மையாரிடம் சென்றது. அவர் அதைப் படித்துக் கண் கலங்கினார். எண்பத்தெட்டு நாள் வண்டி ஓடவில்லை. எண்பத்தெட்டு நாளில் ஊர் திருந்திவிட்டது. ஆகவே இதுவரை ஊரைக் கெடுத்தது ஆய்வுதான். ஆகவே ஆய்வு வேண்டியதில்லை. ஆகவே வண்டியும் ஓட வேண்டியதில்லை. தர்க்கத்தில் ஓட்டை காண எவராலும் முடியவில்லை. காண முயன்றவரும் இல்லை.

தொண்ணூறாம் நாள் காலை. வண்டியில் ரிம்கள் மாட்டப்பட்டிருந்தன. முன்னே பவுடர், பின்னே பெயிண்ட், நான்கும் மின்னின. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருகினார். எஞ்சின் உறுமியது. வாயில்வரை ஓட்டினாலும் போதும், பதவி நிலைத்துவிடும். கியரை மாற்றினார்.

தலைமை எழுத்தர் கைகாட்டி ஓடி வந்தார். "நிறுத்துப்பா! நிறுத்து! ரிம்முல தூசி படக் கூடாதுன்னு உத்தரவு."

வண்டி நான்கடி ஓடி நின்றது. உத்தரவை எழுத்தர் உரக்கப் படித்தார். வண்டி இனி அலுவலக முகப்பில் காட்சிக்கு வைக்கப்படும். மற்ற துறையினர் வந்து பவுடரையும் பெயிண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பயனடைவார்கள். நான்கடி ஓட்டிவிட்டமையால் ஓட்டுநர் ஓட்டுநராகவே நீடிப்பார், ஆனால் அசையாமல்.

அன்றிலிருந்து அவர் காலை பத்து மணிக்கு இருக்கையில் ஏறி மாலை ஐந்து மணிக்கு இறங்குகிறார். பார்வையாளர்களுக்கு முன்சக்கரத்தின் பெருமையையும் பின்சக்கரத்தின் கருணையையும் விளக்குகிறார். வீட்டில் சர்க்கரைப் பொட்டலம் இன்னும் பஞ்சாகத்தான் இருக்கிறது. கடைக்காரனிடம் சண்டைக்குப் போன மனைவிக்கு, அவன் புது முத்திரை குத்திய கல்லைக் காட்டினானாம். "வீட்டுக்காரர் ஆபீஸ்ல போட்டதுதான் அக்கா" என்றும் சொன்னானாம். அவள் அதை வந்து சொன்னபோது, ஓட்டுநர் சோற்றிலிருந்து தலை நிமிரவில்லை.

பத்து நாள் கெடுவில் ஒன்பதாம் நாள் மூலைக்கடைக்காரர் வந்தார். கையில் ஒரு துணிமூட்டை. அதற்குள் ஊரில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு முழுக் கிலோ. வண்டி ஜன்னலைத் தட்டினார்.

"அண்ணே, கெடு நாளையோட முடியுது. இந்தக் கல்லுல எனக்கு ஒரு குத்தமும் தெரியல. நீங்க இருபது வருஷமாக் கல்லு பார்த்தவர். உங்க வாயால சொல்லுங்க, இது சரியான கல்லா இல்லையா?"

ஓட்டுநர் கல்லைக் கையில் வாங்கினார். பழைய கனம். கை உடனே அடையாளம் கண்டுகொண்டது. வாய் திறந்தது. அப்போது முகப்புக் கண்ணாடி வழியே, புதிய வரிசை பார்வையாளர்களை அழைத்துக்கொண்டு அம்மையார் வருவது தெரிந்தது.

கல்லைத் திருப்பிக் கொடுத்தார்.

"நேராப் போய் இடது பக்கம் திரும்பு. பட்டறைக்கார அக்காகிட்ட நான் அனுப்பினேன்னு சொல்லு. அறுபது கிராம் அழுக்குன்னா அவங்களுக்கே புரியும்."

மூலைக்கடைக்காரர் மூட்டையைக் கட்டிக்கொண்டு நடந்தார். ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, அக்கறையோடு கூப்பிட்டார்:

"தம்பி! உரிச்சதும் நாலு மணி நேரத்துக்குள்ள பூசிடணும். பவுடரா பெயிண்டான்னு மட்டும் முதல்லயே முடிவு பண்ணிட்டுப் போ!"