மோப்பம் அண்ணையும் மணக்காத சப்பாத்தும்

உலகத்தில் நடக்கிற சகல பிரச்சினைகளுக்கும் காரணம் மனித நாற்றம்தான் என்று உளமார நம்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் மோப்பம் அண்ணைதான். சண்டை, விவாகரத்து, ஊர்த் தமிழ்ச் சங்கம் இரண்டாக உடைந்தது, எதைச் சொன்னாலும் மூக்கை ஒருதரம் சுளித்துவிட்டு, "ஒராளின்ர மணம் மற்றாளுக்கு ஒத்துவரேல்லை, அவ்வளவுதான்" என்பார். எங்கள் சங்கம் ஏன் உடைந்தது என்பதற்கு இதைவிட நியாயமான விளக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

டோர்ட்மண்டில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் அவர் நாலாம் மாடி, நான் மூன்றாம் மாடி. அவருடைய உண்மையான பெயர் வரிக் கந்தோருக்கும் அவருடைய மனைவி தவமக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். தவமக்காவும் அதைக் கோபம் வந்தால் மட்டுமே பாவிப்பார். அண்ணைக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. படி ஏறி வரும்போதே, எந்த வீட்டில் என்ன கறி, எந்த வீட்டில் பழங்கறி என்று சொல்லிக்கொண்டு வருவார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் படியேறும் நேரம் பார்த்துப் பலர் கதவிடுக்கில் துவாயை வைத்து அடைப்பார்கள்.

ஐம்பத்தைந்து வயது தாண்டியபிறகு இந்த மனிதருக்கு மான் வேட்டையாட ஆசை வந்தது. எங்கட ஆட்களுக்கு அந்த வயதில் வருவது நீரிழிவு, காணி வழக்கு, அல்லது கோயில் தலைவர் பதவி. இவருக்கு மான் வந்தது. "ஏன் அண்ணை வேட்டை?" என்று கேட்டால் நாளுக்கொரு காரணம் சொல்வார். ஒருநாள் கொலஸ்ட்ரோல், ஒருநாள் நல்ல காற்று, இன்னொருநாள் "சும்மாதான், உனக்கென்ன?" தவமக்காவின் கருத்து வேறு.

"குசினிக்குள்ள ஒரு எலியைப் பிடிச்சுத் தாங்கோ எண்டு மாசக்கணக்காக் கேக்கிறன். இவர் மானைப் பிடிக்கப் போறாராம்."

ஜெர்மனியில் நினைத்தவுடன் துவக்கைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போக ஏலாது. அதற்கு வகுப்பு, எழுத்துப் பரீட்சை, வாய்மொழிப் பரீட்சை, சுடும் பரீட்சை என்று ஒரு டொக்டர் பட்டத்துக்கு வேண்டிய அளவு சடங்கு உண்டு. அண்ணை ஒருமுறை கோட்டைவிட்டு மறுமுறை தேறினார். வேட்டைக்காரருக்கென்று தனி ஜெர்மன் இருக்கிறது. மிருகத்தின் காலுக்கு ஒரு சொல், காதுக்கு ஒரு சொல், எல்லாம் வேறு. அண்ணை அதை அப்படியே பாடமாக்கிக்கொண்டு குடும்ப வைத்தியரிடம் போய், மானின் காலுக்குரிய சொல்லைச் சொல்லித் தன் முழங்கால் நோவதாக முறையிட்டார். வைத்தியர் நல்ல மனிதர், மிருக வைத்தியரிடம் அனுப்பாமல் தைலம் எழுதிக் கொடுத்தார்.

வேட்டைப் பத்திரம் கிடைத்தாலும் காடு வேண்டுமே. இங்கே காட்டையும் யாராவது குத்தகைக்கு எடுத்திருப்பார்கள். அவர் மனம் வைத்தால்தான் உள்ளே போகலாம். அண்ணை கேட்காத குத்தகைக்காரர் இல்லை. ஒருவர் பதிலே போடவில்லை, ஒருவர் "இடமில்லை" என்றார், இன்னொருவர் தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் இடமில்லை என்றார். இப்படியே இரண்டு கோடைகாலம் போய்விட்டது. கடைசியில் சவுவர்லாண்ட் மலைப்பக்கத்தில் ஒரு கிழவர் இரங்கினார். "ஒரு மாலை வா. ஒழுங்காக இருந்து ஒரு ஆண் மானை விழுத்திக் காட்டினால் இந்த வருடம் முழுக்க வரலாம். இல்லாவிட்டால் வேறு இடம் பார்" என்றார். வேறு இடம் இல்லை என்பது அண்ணைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த ஒரு மாலைதான் எல்லாமே.

அண்ணை உடனே ஆயத்தங்களில் இறங்கினார். முதலாவது ஆயத்தம் சப்பாத்து. என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

"மானுக்கு முதல் தெரியவாறது உன்ர முகமில்லைத் தம்பி, உன்ர கால். நீ நடந்த இடமெல்லாம் மணம் கிடக்கும். நீ போய் ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு வாற மான்கூட, 'ஓகோ, ஆரோ ஒரு மடையன் போயிருக்கிறான்' எண்டு கண்டுபிடிச்சிடும்."

கடைக்காரப் பெண் கால் அளவு கேட்டாள். அண்ணை அதற்குப் பதில் சொல்லாமல், தட்டில் இருந்த முதல் சப்பாத்தை எடுத்துத் தலையை அதற்குள் விட்டார். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. பக்கத்தில் பிள்ளைக்குக் குளிர்காலச் சப்பாத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாய், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அடுத்த தளத்துக்குப் போய்விட்டாள்.

"தோல் வேண்டாம்," என்று தீர்ப்புச் சொன்னார். "தோல் எல்லாத்தையும் குடிச்சு வைச்சிருக்கும். மழை, வேர்வை, போன வருசத்துக் கோபம், எல்லாம். றப்பர்தான் சரி. அது ஒண்டையும் மனசில வைச்சிருக்காது."

"உள்ளே கம்பளி வைத்தது இருக்கிறது, கதகதப்பாக இருக்கும்" என்றாள் அந்தப் பெண்.

"வேர்க்கும்" என்றார் அண்ணை, அவள் தனக்கு நஞ்சு தர முயன்றதுபோல.

முழங்கால்வரை உயர்ந்த, உள்ளே ஒன்றும் வைக்காத, பச்சை றப்பர் சப்பாத்து ஒன்று கடைசியில் தேறியது. அதையும் என் காலில் மாட்டி, கடையை ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, கழற்றி மணந்து பார்த்தார். "சப்பாத்து நல்லது. நீ காலுக்கு ஆரையும் டொக்டரைப் பார்" என்றார். கடையில் இருந்த ஒருவருக்கும் தமிழ் தெரியாதது என் அதிர்ஷ்டம்.

புதுச் சப்பாத்தில் றப்பர் மணம் இருந்தது. அதைப் போக்க பல்கனியில் தொங்கவிட்டார். அதே பல்கனியில் தவமக்கா செத்தல் மிளகாய் காயப்போட்டிருந்தார். இரண்டு நாட்டு எல்லைபோல நடுவில் ஒரு கயிறு கட்டப்பட்டது. தவமக்கா தூள் வறுத்த அன்று எல்லை உடைந்தது.

"இஞ்சை பாரும், மான் வேட்டை முடியுமட்டும் தாளிக்காதையும் எண்டு சொன்னனான் எல்லோ?"

"அப்ப மான் வந்து உங்களுக்குச் சமைச்சுத் தரட்டும். நான் ஏன் குறுக்கை?"

அண்ணை சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குக் குடிபெயர்ந்தார். பூங்காவில் பொறுக்கிய தேவதாரு இலைகளை உள்ளே அடைத்து, சைக்கிள்களுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். எல்லாம் சரியாக நடந்தது, மன்னாரிலிருந்து கருவாட்டுப் பொதி வரும்வரை. வீட்டுக்குள் வைத்தால் அண்ணை சத்தம் போடுவார் என்று பயந்து, தவமக்கா நல்லெண்ணத்தோடு அதை நிலவறையில் கொண்டுபோய் வைத்தார். சப்பாத்துக்கு நேர் கீழே.

வேட்டைக்கு முந்திய நாள் அண்ணை நிலவறையிலிருந்து போட்ட சத்தம் எனக்கு மூன்றாம் மாடியில் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, ஒரு சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு செத்த வீட்டில் இருப்பதுபோல் இருந்தார்.

"வெடுக்கு, தம்பி. சீலா மீன் வெடுக்கு."

"கழுவினால் போயிடும் அண்ணை."

"மீன் வெடுக்கு சவுக்காரத்துக்குப் போகுமே? மீனுக்கு என்ன செய்யிறம், அதைத்தான் செய்யவேணும்."

செய்தார். எங்கட வீடுகளில் மீனை எப்படிக் கழுவுவார்களோ அப்படியே. உப்பை அள்ளிப் போட்டு உரஞ்சினார், தேசிக்காய் பிழிந்தார், திரும்பவும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தார். மஞ்சள் மட்டும் போடவில்லை, நிறம் பிடிக்கும் என்று. காலையில் சப்பாத்து காய்ந்து, வெளியே வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்து கிடந்தது. வெடுக்கு மட்டும் போயிருந்தது. கொஞ்சம் மிளகாய்த் தூளும் பிரட்டியிருந்தால் பொரித்திருக்கலாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

அவரைக் காட்டுக்குக் கூட்டிப்போகிற காரோட்டி என்ற முறையில் எனக்கும் விதிகள் இருந்தன. சவுக்காரம் கூடாது, வெங்காயம் கூடாது, உள்ளி என்ற சொல்லே கூடாது. புறப்படும்போது வாசலில் வைத்து என்னைச் சுற்றி வந்து மணந்து பார்த்தார்.

"நேற்று வெங்காயம் போட்ட றோல்ஸ் சாப்பிட்டனியோ?"

"அரைவாசிதான் அண்ணை."

"உன்ர அரைவாசி றோல்சுக்கு அந்தக் காட்டில ஒரு மானும் மிஞ்சாது. வாயை மூடிக்கொண்டு வா. நான் சொல்லுறது, உண்மையாகவே மூடிக்கொண்டு."

காட்டு வாசலில் கிழவர் காத்திருந்தார். அண்ணை இறங்கியவுடன் ஒரு சின்னப் பேணியைத் திறந்து, இரண்டு விரலால் திருநீற்றை எடுத்து, மெல்லக் காற்றில் விட்டார். அது இடதுபக்கம் பறந்தது. கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

"பிரார்த்தனையா?" என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டார்.

"இல்லை, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கிறார்."

கிழவர் தொப்பியைத் திரும்பப் போட்டார். மிச்சத் திருநீற்றை அண்ணை வீணாக்காமல் நெற்றியில் பூசிக்கொண்டார்.

புல்வெளியின் ஒரு கரையில் எங்களுக்கு ஒரு பரண், எதிர்க்கரையில் கிழவருக்கு ஒன்று. எங்களுடையது கூரையும் கதவும் உள்ள, கால் வைத்த மரப்பெட்டி. அண்ணை ஏணியில் ஏறிக் கதவைத் திறந்தவர், அப்படியே நின்றார். பிறகு இறங்கி வந்தார்.

"என்ன அண்ணை?"

"உள்ளுக்குக் கார்பெற் விரிச்சிருக்கு."

காலடிச் சத்தம் கேட்காமல் இருக்க வேட்டைக்காரர் பழைய கம்பளத் துண்டை விரித்து வைப்பார்களாம். எனக்கு அது பிறகுதான் தெரியும். அண்ணைக்குத் தெரிந்ததெல்லாம், கார்பெற் விரித்திருந்தால் அது வீடு. ஏணியடியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றி, சோடியாக, வாசலைப் பார்த்து வைத்தார். என்னையும் கழற்ற வைத்தார். ஒரு சொட்டு மணமும் படக்கூடாதென்று வாரக்கணக்காகத் தவம் இருந்த மனிதர், இரண்டு பேருடைய நாலு சப்பாத்தையும் காட்டின் நடுவில் கடைவிரித்துவிட்டு, திருப்தியோடு மேலே ஏறிப்போய்க் குந்தினார்.

சூரியன் இறங்கத் தொடங்கியபோது வந்தது. நல்ல கொம்போடு ஒரு ஆண் மான். அண்ணையின் மூச்சு நின்றுவிட்டதா என்று நான் திரும்பிப் பார்த்தேன். அது புல் மேயவில்லை. தலையை உயர்த்தி, எதையோ நினைத்துக்கொண்டு வருவதுபோல, நேரே எங்கள் ஏணியடிக்கு வந்தது. என் சப்பாத்தை மணந்து பார்த்துத் தும்மியது. பிறகு அண்ணையின் சப்பாத்தை மணந்தது. ஓடவில்லை. இன்னொருமுறை மணந்தது. பிறகு நிதானமாக, ஐஸ்கிறீம் கிடைத்த பிள்ளைபோல, நக்கத் தொடங்கியது. குதியை நக்கி, முன்பக்கத்தை நக்கி, மற்றச் சப்பாத்துக்கு மாறியது. நேர் கீழே நின்றதால் துவக்கை நீட்டவும் வழியில்லை.

நக்கி முடித்துவிட்டு மெல்லப் புல்வெளி நடுவே போய், பக்கவாட்டில், படம் எடுக்க நிற்பதுபோல நின்றது. அண்ணையின் துவக்கு தோளில் குறிபார்த்தபடி இருந்தது.

"அண்ணை, வெடியை வையுங்கோ! இப்ப!" என்றேன், றோல்சையும் மறந்து.

அண்ணை குழலைத் தாழ்த்தினார். மான் எங்கள் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் காட்டுக்குள் போய் மறைந்தது. இரண்டு கோடைகாலமாக அவர் தவம் கிடந்த காடும் அதோடு போகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

கிழவர் புல்வெளியைத் தாண்டி வந்தார். நான் ஏணியால் இறங்கினேன். தொலைநோக்கியால் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். "ஏன் சுடவில்லை?" என்றார்.

அண்ணை மேலிருந்து வெறும் காலுறையோடு எட்டிப் பார்த்து, "சப்பாத்துப் போடவில்லை" என்றார், ஜெர்மனில், மிகுந்த மரியாதையோடு.

கிழவர் சிரிக்கவில்லை. அண்ணை துவக்கிலிருந்த தோட்டாக்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது குனிந்து, சப்பாத்தை விரலால் தடவி நாக்கில் வைத்தார். "உப்பு" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். "மான் உப்புக்கு எவ்வளவு தூரமும் வரும்." பிறகு ஏணியையும் மேலே தெரிந்த கம்பளத் துண்டையும் பார்த்தார். "என் சொந்த மகன் சேற்றுக் காலோடுதான் இதில் ஏறுவான். அடுத்த கிழமையும் வரச் சொல்லு. வருடம் முழுக்க வரட்டும்."

கார் நெடுஞ்சாலையில் ஏறியபிறகுதான் அண்ணை கதைக்கத் தொடங்கினார்.

"வந்த புதிசில, அகதி முகாமில இருந்து பஸ்ஸில போவன் தம்பி. நான் போய் இருந்தா, பக்கத்தில இருக்கிற மனிசி யன்னல் பக்கம் திரும்புவா. பிறகு எழும்பிப் போய் வேற இடத்தில இருப்பா. ரெண்டு தரம் குளிச்சுப்போட்டுப் போய்ப் பாத்தன். அப்பவும் எழும்பிப் போவினம். இண்டைக்கும் பஸ்ஸில நான் நிண்டுகொண்டுதான் போறனான். இது மணந்து பாத்துதடா. வடிவா மணந்து பாத்துது. ஓடேல்லை. திரும்பவும் மணந்துது. அதை எப்பிடியடா சுடுறது?"

உப்பு என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், இப்படி ஒரு சொல்லை வீணாக்குகிற ஆள் நான் இல்லை. அன்று விழுங்கினேன்.

"ஓம் அண்ணை. அதுக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு" என்றேன்.

இதை இப்போது அச்சில் போடுகிறேனே, அவர் வாசித்துவிட மாட்டாரா? மாட்டார். பத்திரிகை மை மணக்குது என்று அவர் அதை வீட்டுக்குள் விடுவதில்லை.

அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அன்றுவரை எனக்கே தெரியாது. காரெல்லாம் றப்பரும் தேசிக்காயும் தேவதாருவும், வாரக்கணக்காகச் சவுக்காரம் காணாத ஒரு மனிதரின் வேர்வையும் கலந்து நிறைந்திருந்தது. டோர்ட்மண்ட் வரும்வரை நான் கண்ணாடியை இறக்கவில்லை.