எட்டு மாதமாக மூச்சிழுத்த பாடகி

மலிவாக வாங்குகிறவர் என்று ஓர் இனம் உண்டு. கஞ்சன் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். கஞ்சன் வாங்கவே மாட்டான். அவனால் யாருக்கும் தொந்தரவில்லை. பணக்காரர் கடைக்குப் போவார், இருப்பதிலேயே விலை கூடியதைக் கைகாட்டுவார், அரைமணியில் வீடு திரும்பி மத்தியானத் தூக்கம் போடுவார். நம்மவர் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறார். குறைந்த விலையில் நிறைந்த சரக்கு எங்கோ ஒளிந்திருக்கிறது, உலகம் அதைத் தன்னிடமிருந்து மறைக்கிறது, விடாமல் தேடினால் அகப்படும் என்பது அவருடைய கட்சி. தேடுவார். தேடி முடிப்பதற்குள் தேடிய பொருள் பழைய மாடல் ஆகிவிடும். மறுபடி முதலிலிருந்து தேடுவார்.

இந்த இனத்தில் மிக்ஸிக் கிளை உண்டு, மெத்தைக் கிளை உண்டு, செருப்புக் கிளைகூட உண்டு. இன்று நாம் பார்க்கப் போவது காதுக் கிளை. மாதிரிக்கு ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண் பரிசோதனையும் அவரே செய்வார். மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், வீட்டிலும் சில சமயம் கழற்ற மறந்துவிடுவார். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் நிறைந்த அன்று அந்த அம்மாள் தன் சம்பளத்தில் சேர்த்துவைத்து ஒரு ஸ்டீரியோ வாங்கிக் கூடத்தில் வைத்தார். போனிலிருந்து சாதாரண வயர் ஒன்றைச் செருகினார்கள். பாட்டு வந்தது. ஒன்பது பாட்டு, ஒன்றன்பின் ஒன்றாக, முழுசாகக் கேட்டார்கள். அம்மாள் கையில் துடைப்பத்தோடு ஆடினார். அவரும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஏதோ செய்தார். அந்த வீட்டில் முழுப்பாட்டு கேட்டது அப்போதைக்கு அதுதான் கடைசி.

மறுநாள் காலை அவர் இணையத்தில் ஒரு கட்டுரை படித்துவிட்டார். போனுக்குள் பாட்டு பாட்டாக இருப்பதில்லையாம். வெறும் எண்களாகக் கிடக்கிறதாம். அந்த எண்களை மறுபடி ஒலியாக்க ஒரு சில்லு வேண்டுமாம், போனுக்குள் இருப்பது உப்புச்சப்பில்லாத சில்லாம், இந்த வேலைக்கென்றே சோப்புப் பெட்டி அளவில் தனிப் பெட்டி விற்கிறதாம். டாக் என்று பெயராம்.

"யானை வாங்கியாச்சு, அங்குசத்துக்கு என்ன யோசனை? ஒண்ணு வாங்கிடுங்க" என்றார் மனைவி. சாயங்காலத்துக்குள் வந்துவிடும் என்று நினைத்தார், பாவம்.

அதற்கப்புறம் எட்டு மாதம் ஓடிவிட்டது. இப்போது அவர் வீட்டுக் கூடத்தை எட்டிப் பாருங்கள். சோபாவின் நட்டநடுவில், இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில், கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் கோழி மாதிரி ஒரு பக்கம் சாய்த்து, இல்லாத குறையைத் தேடிக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கிறார். இருங்கள், சரியாக வரவில்லை. கொஞ்சம் மெருகேற்றிச் சொல்கிறேன். சோபாவின் நட்டநடுவில், இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில், கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் கோழி மாதிரி ஒரு பக்கம் சாய்த்து, இல்லாத குறையைத் தேடிக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கிறார். ஆமாம், இப்போது பரவாயில்லை. மேலே போவோம்.

முதலில் பட்டியலில் நாற்பத்தொரு டாக் இருந்தன. எல்லாமே மலிவு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தசமப் புள்ளிக்கு அப்புறம் ஐந்தாவது இடத்தில். வௌவால் கேட்டாலே "எல்லாம் ஒண்ணுதாம்ப்பா" என்று பறந்துபோகும். ஆனால் நம்மவர் விடுவாரா? ஒரு குழுவில் சேர்ந்தார். அங்கே முகம் தெரியாத முந்நூறு பேர் ஒருவரையொருவர் செவிடர் என்று மரியாதையாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஒருவர், தங்கக்காது என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டவர், ஒரு நாள் எழுதினார்: "நல்ல டாக் என்றால் பாடகி மூச்சிழுப்பது கேட்க வேண்டும்." அவ்வளவுதான். வேதவாக்கு.

அதற்கென்று ஒரு பாட்டும் கிடைத்தது. பியானோ மெதுவாக ஆரம்பிக்கும். முப்பத்தெட்டாவது விநாடியில் பாடகி மூச்சிழுப்பார். நம்மவர் உடனே நிறுத்துவார். பின்னால் நகர்த்துவார். மறுபடி பியானோ, மறுபடி மூச்சு, மறுபடி நிறுத்தம். காலையில் பல் விளக்கும்போதும் இதே, சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்தாலும் இதே.

"என்னங்க, அந்தப் பொண்ணு எட்டு மாசமா மூச்சை இழுத்துப் பிடிச்சிட்டு நிக்குது. பாட விடுங்களேன்" என்பார் மனைவி.

"பாட்டு முக்கியமில்லம்மா. மூச்சுதான் முக்கியம்."

"அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆயிடப் போகுதுங்க."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம்மவருக்கு மூச்சு திருப்தியாகக் கேட்காத நாளெல்லாம் கூடம்தான் கோணல். சோபாவை நகர்த்தினார். திரைச்சீலையை மாற்றினார். ஃப்ரிட்ஜ் இரைச்சல் குறுக்கிடுகிறது என்று அதை அணைத்துவிட்டு, திரும்பப் போட மறந்து, இரண்டு லிட்டர் பாலைத் திரியவிட்டார். "சத்தத்துல காத்தோட்டம் பத்தல" என்று ஒரு நாள் குறைப்பட்டார். மனைவி எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார்.

இதற்குள் நாற்பத்தொன்று மூன்றாகக் குறைந்திருந்தது. பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்ற ஏற்பாட்டில் மூன்றையும் வரவழைத்தார். கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, பச்சை விளக்கு எரிகிற குட்டி ஒன்று. நாய்க்குட்டிகளை வைத்துக்கொண்டு எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று தவிக்கிறவர் மாதிரி மூன்றையும் மாற்றி மாற்றிக் கையில் எடுத்துப் பார்ப்பார். கறுப்பில் ஆழம் இருக்கிறது, ஆனால் அகலம் இல்லை. வெள்ளையில் அகலம் இருக்கிறது, ஆனால் ஆழம் இல்லை. குட்டியில் இரண்டும் இருக்கிறது, ஆனால் பச்சை விளக்கு கண்ணை உறுத்துகிறது. கண்ணை மூடிக்கொண்டுதானே கேட்கிறார் என்கிறீர்களா? இதை அவரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். கண்ணைத் திறந்துகொண்டு இன்னொரு எட்டு மாதம் ஆரம்பித்துவிடுவார்.

விளையாட்டு ஆசிரியைக்குப் பொறுமை அதிகம். ஆனால் எந்தப் பந்தயத்துக்கும் முடிவுக்கோடு என்று ஒன்று வேண்டும் என்பது அவருடைய தொழில் தர்மம். ஒரு வியாழக்கிழமை காலை, இட்ட அடி பிசகாமல் கூடத்துக்கு வந்து நின்று சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை எனக்குப் பிறந்தநாள். அன்னிக்கு நாலு மணிக்குள்ள இந்த வீட்டுல ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு, ஆரம்பத்துலேர்ந்து முடிவுவரைக்கும் ஓடணும். இல்லேன்னா தம்பி வேன் எடுத்துட்டு வருவான். ஸ்டீரியோ அவன் ஜிம்முக்குப் போயிடும்."

மச்சானுடைய உடற்பயிற்சிக் கூடத்தை நம்மவர் பார்த்திருக்கிறார். ஈரத் துண்டைக் காயப்போட ஸ்பீக்கரைத் தவிர அங்கே வேறு இடமே கிடையாது.

இந்த இடத்தில் அவருடைய தொழிலைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கடையில் அவர் வேறு மனிதர். வாடிக்கையாளரை நாற்காலியில் உட்காரவைத்து, கனமான சட்டத்தை மூக்கில் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி இருந்தது தெளிவா?" என்று கேட்பார். சிலபேர் டக்கென்று சொல்லிவிடுவார்கள். சிலபேர் இழுப்பார்கள். "இன்னொரு தடவை காட்டுங்க... அதுக்கு முன்னாடி உள்ளது..." என்று முக்கால் மணி நேரம் குடைவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நம்மவரிடம் ஒரு மருந்து உண்டு. போட்டிருக்கிற லென்ஸை வெளியே எடுப்பார். அதே லென்ஸை, அதே பக்கமாக, 'க்ளிக்' என்று திரும்பச் செருகுவார். "ஆங், இப்பத்தான் சார் பளிச்சுன்னு இருக்கு" என்பார்கள். வேலை முடிந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "லென்ஸ் மாறவே இல்லம்மா. க்ளிக்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். மனுஷன் கண்ணை நம்ப மாட்டான், அந்தச் சத்தத்தை நம்புவான்." பதினைந்து வருஷத்தில் எப்படியும் நூறு தடவை சொல்லியிருப்பார். தவளை தன் வாயால் கெடும்.

ஞாயிறு வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு இறுதிப் பரீட்சை. ஸ்டீரியோவுக்கு முன்னால் கயிறு கட்டி, போர்வை தொங்கவிட்டு, போர்வைக்குப் பின்னால் மூன்று பெட்டிகளையும் அவரே வரிசையாக வைத்து இணைத்தார். மனைவி பின்னால் நின்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். அவர் சோபாவில் இருந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

"நீங்க அஞ்சு நிமிஷம் வெளிய நில்லுங்க. எது எந்த நம்பர்னு நான் இடம் மாத்தி வைக்கணும். தெரிஞ்சுட்டா அப்புறம் பரீட்சை என்ன பரீட்சை?" என்றார் மனைவி.

நம்மவருக்கு உடம்பு புல்லரித்தது. இவ்வளவு விஞ்ஞான மனம் உள்ளவளையா இத்தனை நாள் பாலைத் திரியவிட்டு அழவைத்தோம் என்று வாசலில் நின்று மனதார வருந்தினார்.

உள்ளே வந்து உட்கார்ந்தார். குறிப்பெழுதும் நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார்.

"ஒண்ணு" என்றது போர்வை. பியானோ. மூச்சு. நிறுத்தம். 'க்ளிக்.'

"ரெண்டு." பியானோ. மூச்சு. நிறுத்தம். 'க்ளிக்.'

"மூணு." பியானோ. மூச்சு.

அவர் நிமிர்ந்துவிட்டார். முகத்தில் ஒரு தெளிவு. "மூணாவதுதாம்மா. சந்தேகமே இல்ல. முதல்ல உள்ளது தட்டையா இருந்துச்சு. ரெண்டாவது பரவாயில்ல, ஆனா ஏதோ கண்ணாடிக்குப் பின்னாடி நின்னு மூச்சு விடற மாதிரி. மூணாவதுல அந்தப் பொண்ணோட மூச்சுல ஒரு ஈரம் தெரியுது. பக்கத்துல வந்து நிக்குது."

"ஒருதடவை சரிபாத்துக்கலாமா? இது தெளிவா, முன்னாடி இருந்தது தெளிவா?" என்றது போர்வை. 'க்ளிக்.' பியானோ. மூச்சு.

"இதுதான், இதுதான். இப்பத்தான் பளிச்சுன்னு இருக்கு."

சொல்லி வாயை மூடும்போதே அந்த வாக்கியத்தை எங்கோ கேட்ட ஞாபகம் அவருக்கு வந்தது. கண்ணைத் திறந்தார்.

மனைவி போர்வையை விலக்கினார். அங்கே கறுப்பு இல்லை, வெள்ளை இல்லை, பச்சை விளக்கும் இல்லை. ஸ்டீரியோ இருந்தது, அதிலிருந்து ஒரு சாதாரண வயர் போய்ப் போனில் முடிந்தது. எட்டு மாதத்துக்கு முன் முதல் நாள் செருகிய அதே வயர். மனைவியின் கையில் ஒரு பேனா இருந்தது. அதன் தலையைக் கட்டைவிரலால் ஒருமுறை அமுக்கினார். 'க்ளிக்.'

மூன்று டாக்குகளும் சமையலறை மேடையில், வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே, திருப்பி அனுப்பும் சீட்டு ஒட்டித் தயாராக இருந்தன.

ஊருக்கெல்லாம் கொடுத்த மருந்து அவருக்கே வந்து சேர்ந்தது. வெட்கம் காதுவரை ஏறியது. அந்தக் காதை இனி எங்கே கொண்டு வைப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. மணி மூன்று ஐம்பத்து மூன்று. வாசலில் வேன் வந்து நிற்கும் சத்தம், இந்தத் தடவை எந்தக் கருவியின் உதவியும் இல்லாமல், துல்லியமாகக் கேட்டது.

"பாட்டு நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி. கையைக் கீழ வைச்சுட்டு உக்காருங்க" என்றார் மனைவி. பாட்டை ஓடவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

பியானோ. முப்பத்தெட்டாவது விநாடி. மூச்சு. அவருடைய கட்டைவிரல் எட்டு மாதப் பழக்கத்தில் தானாகத் துடித்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். பாடகி மூச்சை விட்டார்.

பாடினார்.

குரல் கொஞ்சம் கரகரப்பு. யாரும் எதிர்பார்க்காத இடத்தில் டிரம் வந்தது. இரண்டாவது நிமிடத்தில் ஓர் இடம், அவருக்குத் திரும்பக் கேட்க வேண்டும் போல் உயிர் போனது, பல்லைக் கடித்துக்கொண்டார். உள்ளே வந்த மச்சான் கட்டுக்கயிற்றைத் தோளில் போட்டபடி கதவோரமே நின்றுவிட்டான். மூன்றாவது நிமிடத்தில் பாடகி வார்த்தையே இல்லாமல் சீட்டி அடித்தார். விளையாட்டு ஆசிரியைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் விசிலை எடுத்துக் கூடவே ஊதினார். ஸ்பீக்கரின் அகலமும் ஆழமும் அந்த ஓர் ஊதலில் பாழ். நம்மவருக்கோ சிரிப்பு வந்தது. எழுந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஏதோ செய்தார். பாட்டு முடிந்தபோது மணி மூன்று ஐம்பத்தெட்டு. ஸ்டீரியோ தப்பித்தது.

"சரிக்கா, நான் கிளம்பறேன்" என்று கயிற்றைச் சுருட்டிய மச்சான், வாசற்படியில் திரும்பினான். "மாமா, ஜிம்முக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கணும். விலை கம்மியா, ஆனா நல்லதா. உங்களுக்குத் தெரிஞ்சது ஏதாவது..."

நம்மவர் முகத்தில் விளக்கெரிந்தது. கை தானாக நோட்டைத் தேடியது. "உட்காருங்க மாப்பிள்ளை. அவசரப்பட்டு வாங்கிடாதீங்க. முதல்ல ஒரு பட்டியல் போடுவோ..."

விசில் ஊதியது. நோட்டை மூடினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. இவரை மாதிரி நமக்குக் கிறுக்குப் பிடிக்கவில்லை என்று மனசுக்குள் ஒரு நிம்மதியும் இருக்கும். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர் சோபாவில் உட்கார்ந்திருப்பதை உங்களுக்கு நான் இரண்டு முறை சொன்னேன், நினைவிருக்கிறதா? மெருகேற்றிச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டாவது முறை சொன்னது கொஞ்சம் தெளிவாக இருந்ததா?

ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. என் பேனாவிலும் க்ளிக் உண்டு.

இல்லை, அப்போதே கண்டுபிடித்துவிட்டேன் என்கிறீர்களா? அப்படியானால் திரும்பப் போய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாரிடமாவது ஒரு பேனா இருக்கட்டும்.