தேங்காய் உடைத்த கல்

இந்த ஜென்மத்தில் இனி துணி துவைப்பதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சபதம் எடுத்தேன். அதை மனைவியிடம் நேரில் சொல்லுகிற தைரியம் யாருக்கு இருக்கிறது? வச்சலா செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து, கொல்லையில் இருந்த துவைக்கிற கல்லைச் சம்மட்டியால் இரண்டாகப் பிளந்தேன். கல் போனால் துணி லாண்டரிக்குப் போகும். நான் மகாபலிபுரம் பஸ் ஏறிக் கடற்கரையில் காலை நீட்டிப் படுப்பேன்.

திரும்பி வந்தவள் கல்லைப் பார்த்தாள்.

"இன்னாங்க இது?"

"மரத்துலேர்ந்து தேங்கா வுழுந்துச்சி. கல்லு பொளந்துகிச்சி."

"தேங்காய்க்கு ஒண்ணும் ஆவலியா?"

"அது நெத்து. நாரு காப்பாத்திடுச்சி."

என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வச்சலா சிரிக்கவில்லை.

"உங்க ஆபீஸ் இன்ஜினீயரு சிமென்ட்டுல தென்ன நாரு கலந்து கல்லு போட்டாரு, ஒடையவே இல்லன்னு சொல்லிகினு இருந்தீங்களே? நீங்களும் ஒண்ணு போடுங்களேன். பர்மிட்டுல வாங்கின சிமென்ட்டு பாதி மூட்ட சும்மாதான கீது? எனக்கும் பெருமையா இருக்கும்."

பெருமை என்று காதில் விழுந்தால் எனக்குக் கண் தெரியாது. ஊறிய மட்டையை அடித்து நார் எடுத்தேன். விரல் நீளத்துக்கு நறுக்கினேன். சிமென்ட்டும் மணலும் சேர்த்துப் பிசைந்து மரச்சட்டத்தில் கொட்டினேன்.

"பெரிசாவே போடுங்க, எடுப்பா இருக்கும்" என்றாள். போட்டேன்.

"மேல சரிவா வழிச்சி வுடுங்க, மழத்தண்ணி நிக்காது" என்றாள். வழித்தேன். மூன்று வாரம் தண்ணீர் ஊற்றிப் பிள்ளை மாதிரி வளர்த்தேன்.

கல் இறுகியதும், எதிர்வீட்டுச் சிங்காரம், அவன் பெண்டாட்டி பொன்னி, இன்னும் பாதித் தெருவை வச்சலாவே கூட்டி வந்தாள். சம்மட்டியை ஓங்கிக் கல்லின்மேல் போட்டேன். கீறல்கூட விழவில்லை.

"கலக்கிட்ட அண்ணாத்த!" என்றான் சிங்காரம்.

"தண்ணில ஊறினா?" என்று கேட்டாள் வச்சலா.

"ஒண்ணும் ஆவாது!"

"சோப்பு, சோடா பட்டா?"

"ஆவாது!"

"ஞாயித்துக்கெழம தவறாம ஒருத்தரு ஓங்கி ஓங்கி அடிச்சா?"

"ஆயுசுக்கும் அடிக்கலாம்!" என்று மார்தட்டினேன்.

வச்சலா உள்ளே போய் ஓர் அண்டாவை இழுத்து வந்தாள். லாண்டரிக்குப் போய்விட்டது என்று நான் நம்பியிருந்த அத்தனை அழுக்குத் துணியும் அதில் இருந்தது.

சிங்காரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அக்கா, எங்க வூட்டுக்கும் ஒண்ணு போட்டுத் தரச் சொல்லு. இவுரும் சும்மாதான் கீறாரு" என்றாள் பொன்னி. சிங்காரத்தின் சிரிப்பு நின்றது. அன்று முதல் அவன் என்னோடு பேசுவதில்லை.

நான் கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். "வச்சலா, மரத்துல இன்னும் தேங்கா கீதே. மறுபடியும் வுழுந்துச்சின்னா?"

"வுழட்டுமே. போன தபா வுழுந்த அதே தேங்காயாலதான இப்ப அடிச்சிப் பாத்தீங்க?" என்று என் கையிலிருந்த சம்மட்டியை வாங்கிக்கொண்டு, சோப்பைக் கொடுத்தாள்.