அத்தையின் குளத்தில் மூன்று கிலோ மருந்து

ஆமத்தூர்
செவ்வாய்க்கிழமை, மதியம்

மதிப்பிற்குரிய பொன்னுத்தங்கம் அத்தைக்கு, தருண்குமார் வணங்கி எழுதுவது. கோவையில் மகள் வீட்டில் நீங்கள், மாமா, யோகேஸ்வரி மதினி எல்லோரும் நலமென நம்புகிறேன். நான் நலம். தண்ணீர்தான் நலமில்லை. போனில் சொல்லியிருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டால் பொய் சொல்லிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை வர வேண்டாம்.

மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் நீரில் நடக்காவிட்டால் கால் இறுகிவிடும் என்று டாக்டர் சொன்னதும், அதற்கென்றே மாமா இங்கே வீட்டுக்குப் பின்னால் நீச்சல்குளம் கட்டியதும், நீங்கள் வரும்வரை அதைத் தெளிவாக வைத்திருப்பேன் என்று நான் வாக்குக் கொடுத்ததும் மறக்கவில்லை.

முதல் வாரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே தங்கி எழுத வந்த ஆய்வேட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. காலையில் குளோரின் போட்டால் நீலம். உச்சிப்பொழுதுக்குள் வெயில் அதைத் தின்றுவிடும். மாலையில் இளம்பச்சை. வெயிலிடமிருந்து குளோரினைக் காப்பாற்ற ஸ்டெபிலைசர் என்று ஒரு வெள்ளைத் தூள் இருக்கிறது என்று மதுரைக் கடைக்காரர் ஐந்து கிலோ டப்பா அனுப்பினார். நம் குளத்துக்கு இரண்டு கிலோ போதும், துணிப்பையில் கட்டித் தண்ணீர் பாயும் இடத்தில் தொங்கவிடுங்கள், மெல்லத்தான் கரையும், ஒரு வாரம் பொறுங்கள் என்றார்.

துணைக்கு மாமாவின் பட்டாசு கம்பெனி போர்மேன் வெள்ளைத்துரை அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் விடிந்ததும் வந்து, என் செல்போனை வாங்கி வாசலில் வைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, பாலியஸ்டர் சட்டையை மாற்றி வரச் சொல்லி, வேலைக்கார அக்காவை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்.

"இது வெடிக்காதுண்ணே."

"எல்லாப் பயலும் அப்படித்தான் தம்பி சொல்லுறான்."

இரண்டு கிலோவைத் தலையணை உறையில் கட்டி இறக்கினோம். நீருக்கடியில் அது மூச்சு விடுவதுபோல் அசைந்தது. பார்த்தபடியே கண்ணயர்ந்தேன். கனவில் நீங்கள் குளத்தின் அடியில் நடந்து எங்கோ போய்க்கொண்டிருந்தீர்கள். சேலை நனையவில்லை. விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. டப்பா காலி.

"மிச்சம் மூணு கிலோ எங்கண்ணே?"

"உள்ள போட்டாச்சு."

"எதுக்கு?"

"தெறந்த மருந்த ராத்தங்க விடலாமா தம்பி? அன்னைக்குத் தெறந்தது அன்னைக்கே தீரணும். முப்பது வருசமா வெடிமருந்தோட கெடக்கேன். விரலு பத்தும் இருக்குல்ல, எப்படின்னு நெனைக்கிறீக?"

பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார்.

ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தூள் அளவுக்கு மீறி இருந்தது. இனி குளோரின் வெயிலுக்கும் மசியாது, பாசியையும் கொல்லாது, பாதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள், அதுதான் வழி என்றார் கடைக்காரர். குளத்து நீரைத் தெருவுக்குத் திறந்துவிட்டேன். தெருவில் வானம் கிடந்தது. எதிர்வீட்டுப் பாண்டிலட்சுமி அக்கா வாசலுக்கு வந்தார்.

"ஏந்தம்பி, பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா எங்களுக்குக் கொழாய்ல வருது. இங்கன நீங்க ரோட்டக் குளிப்பாட்டுறீகளா?"

"துணி துவைக்கலாம்க்கா. குடிக்கத்தான் கூடாது."

பிறகு எல்லா வீட்டு டிரம்மும் வந்தது. இரண்டு நாள், மாடிதோறும் வேட்டியும் போர்வையும் பறந்தன. தெருவே பாய்மரக் கப்பலாகிக் கிளம்பிவிடும்போல் இருந்தது.

குளம் பாதியில் நிற்கிறது. டேங்கர் லாரிகளெல்லாம் பட்டாசு சீசன் என்று கம்பெனிகளுக்கு ஓடுகின்றன. மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். அதற்குள் உங்கள் கால்? மதினி வீட்டுத் தொட்டி போதுமா என்று டாக்டரைக் கேளுங்கள். வெள்ளைத்துரை அண்ணனைத் திட்ட வேண்டாம். தூங்கியவன் நான்.

மாமாவுக்கும் மதினிக்கும் என் வணக்கங்கள். உங்கள் முழங்காலுக்குத் தனியாக ஒன்று.

அன்புடன்,
தருண்குமார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் வாசலில் கார். வெள்ளி வரை பொறுக்காமல் மாமா உங்களைக் கூட்டி வந்துவிட்டார். நேரே பின்னால் போனீர்கள். நான் தூணோரம் நின்றேன். நெடுநேரம் தண்ணீரைப் பார்த்தீர்கள்.

"ஏலே, இப்பத்தாம்லே உசுரு வருது. ஒங்க மாமா கழுத்தளவுக்குல்ல நெரப்பி வச்சிருந்தாக! எனக்கென்ன நீச்சலா தெரியும்? வேண்டாம்னா மனுசன் வாடிப்போவாகன்னு, காலு எறுகுனாலும் எறுகட்டும்னு அங்கன நாளக் கடத்திக்கிட்டு இருந்தேன். இனி ஒரு சொட்டு ஊத்துன, பாத்துக்க."

நடக்க மட்டும் என்றால் கெடுதல் இல்லை, குளோரினைக் கூட்டிப் போட்டுச் சமாளிக்கலாம் என்று கடைக்காரர் சொன்னதும், லாரிக்காரரிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சன்னலுக்கு வெளியே நீங்கள். இடுப்பளவு நீர். முதல் சுற்று மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு. இரண்டாவது, கையை விட்டு.