தீமிதிக்குக் கூடாரம் பிடித்த மைக் பாஸ்டர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் கடவுளுக்கு அதிகத் தொந்தரவு கொடுத்த ஆள் யார் என்றால், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், மைக் பாஸ்டர்! கழுத்தில் மைக், இடுப்பில் ஸ்பீக்கர். இரண்டும் இல்லாமல் அவரை நான் பார்த்ததே கிடையாது. ரிங்லெட் டவுன் கடையில் ரொட்டி கேட்பதைக்கூட மைக்கில்தான் கேட்பார். கடைக்காரர் ஒருநாள் பதறிப்போய்க் கதவை இழுத்துச் சாத்தினாராம்.

ஞாயிறு காலை பனி விலகுமுன்பே ஆரம்பித்துவிடுவார். கொழுந்து வெட்டுகிறவர்களுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நிம்மதியான தூக்கம்.

"மனந்திரும்புங்க! பரலோக ராஜ்யம் பக்கத்துல வந்துருச்சு!"

"வரட்டும் லா! எட்டு மணிக்கு மேல வரச் சொல்லுங்க!" என்று போர்வைக்குள்ளிருந்து பதில் வரும்.

ஒரு ஆத்மாவைக்கூட அவர் மதம் மாற்றியதில்லை. அவருடைய ஜெபக்கூடத்தில் அவரும் அவர் மனைவியும்தான். அந்த அம்மாவும் பாதி ஜெபத்தில் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

கோயில் கமிட்டித் தலைவர் மணியண்ணனுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "இந்த ஆள லயத்த விட்டே வெளியாக்கணும்!" என்று கூட்டத்துக்குக் கூட்டம் குதிப்பார். செயலாளரான நானும் தலையாட்டுவேன். அப்பேர்ப்பட்ட மணியண்ணன், தீமிதிக்கு முந்தின நாள் பாஸ்டர் வீட்டுப் பின்வாசலில் கைகட்டி நிற்பதைப் பார்த்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

"பாஸ்டர், நாளைக்கு மழ வேணாம்னு உங்காளுகிட்ட சொல்லிடுங்க லா."

"சொல்றேன் தலைவரே. கேக்குறது அவரு இஷ்டம்."

என்னைக் கண்டதும் அண்ணன் சீறினார். "என்னா முறைக்கிற? இந்த மலையில மத்தியானம் ஆனா மழ. யாருகிட்ட சொன்னா என்னா, நின்னா சரி!"

விசாரித்தால், வருஷா வருஷம் நடக்கிற சங்கதியாம். அடப்பாவிகளா! செயலாளருக்கே தெரியாமல் இப்படியும் ஒரு ஏற்பாடு.

அந்த வருஷம் பாஸ்டருக்குச் சோதனைக் காலம். அவருடைய ஜெபக்கூடத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது கடல் தாண்டிய ஒரு சபை. ஒருவரும் சேரவில்லையே என்று பார்த்துவர ஒரு மேற்பார்வையாளரை அனுப்பியிருந்தார்கள். அவர் தன் சபைக்கு எல்லாவற்றையும் நேரலையில் காட்டக் கைபேசியும் கையுமாக வந்து, கோயிலுக்கு எதிர்த் திடலில் புத்தம்புதுக் கூடாரம் ஒன்றை நிறுத்தினார். நாலு பக்கமும் ஆளுயர எழுத்தில் 'மனந்திரும்புங்கள்'. கூட்டம் சேர்ந்தால் பாஸ்டர் இங்கேயே இருக்கலாம், சேராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதற்கு மேற்பார்வையாளர் குறித்த நாளோ, எங்கள் தீமிதி நாள்! கூடாரத்துக்குள் ஈ, காக்கை இல்லை.

தீக்குழி கனிந்திருந்தது. காய்ச்சலில் பிழைத்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மணியண்ணன் மகள் சாந்தி வரிசையில் முதல் ஆளாக நின்றாள். வானம் பொத்துக்கொண்டது. குழி உஸ்ஸென்று புகைந்தது. வேண்டுதல் பாதியில் நின்றுவிடுமோ என்று சாந்தி ஓவென்று அழுதாள். மணியண்ணன் குழியை மறைக்கத் தகரம் தேடி ஓடினார்.

அப்போதுதான் மைக் அலறியது. "வழி விடுங்க! வழி விடுங்க லா!"

திரும்பினால், ஐயோ, கூடாரமே நடந்து வருகிறது! ஒரு காலைப் பாஸ்டரும் இன்னொரு காலை அவர் மனைவியும் பிடித்திருக்கிறார்கள். மற்ற இரண்டும் எங்கள் உறுமி அடிக்கிற பையன்கள் கையில்! குழிக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள்.

"ஒசத்திப் புடிங்கடா! தீப்புடிச்சா ஐயா என்னைக் கொன்னுருவாரு!" அதையும் மைக்கில்தான் சொன்னார்.

'மனந்திரும்புங்கள்' என்ற எழுத்துக்கு அடியில், "ஓம் சக்தி" என்று முழங்கியபடி எங்கள் சனம் தீ மிதித்தது. மேற்பார்வையாளர் அதிர்ச்சியில் நேரலையை நிறுத்த மறந்துவிட்டார். அந்தச் சபை முழுக்கக் கடலுக்கு அப்பால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன காரியம் பண்ணீங்க பாஸ்டர்!" மேற்பார்வையாளர் பாய்ந்து வந்தார்.

"பச்சப்புள்ள நனையுது ஐயா. அவங்க வேண்டுதல், அவங்க இஷ்டம். நான் கூப்புடத்தான் முடியும். புடிச்சு இழுக்கவா முடியும்?"

மணியண்ணன் வெட்கத்தை விட்டு ஓடிவந்து கும்பிட்டார். "ஐயா, இவர அனுப்பிடாதீங்க! இத்தன வருசத்துல ஒருத்தனக்கூட மதம் மாத்தல. இப்படி ஒரு நல்ல பாஸ்டர் எங்களுக்கு எங்க கிடைப்பாரு?"

இந்தச் சிபாரிசுக்குப் பிறகு அவரை யார் வைத்திருப்பார்கள்? அந்த மாதமே மலையிறக்கிக் கீழ்நாட்டில் எங்கோ தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

இப்போது ஞாயிறு காலையில் லயம் நிசப்தமாக இருக்கிறது. நிம்மதியாகத் தூங்கலாம். தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது.

இந்த வருஷத் தீமிதியிலும் மேகம் கீழே இறங்கியது. மணியண்ணன் எல்லோர் முன்னாலும் கைபேசியை எடுத்து, கோயில் மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"பாஸ்டர், மழ வர்ற மாதிரி இருக்கு லா."

ஸ்பீக்கரில் அதே கரகரத்த குரல் கிளம்பியது. அம்மன் வாசலில் மஞ்சள் துணியோடு மொத்த லயமும் நின்று கேட்டது. சாந்தியின் குழந்தைக்கும் பெயர் சொல்லி ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும் யாரோ சத்தமாக "ஆமென்" என்றார்கள்.

யார் அது என்று திடுக்கிட்டுத் திரும்பினேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.